பொம்மை விற்கத் தொடங்குகிறவர்களுக்கு: வயது எண்ணையும் எச்சரிக்கை வரியையும் படிப்பது எப்படி?

கோபி, தாராபுரம், காங்கேயம் என்று நம் பக்கத்துச் சிறு ஊர்களில் பொம்மைக்கென்றே தனிக் கடை அபூர்வம். ஃபேன்ஸி ஸ்டோரிலோ பாத்திரக் கடையிலோ ஒரு மூலையில் நாலு பொம்மையைத் தொங்கவிட்டு, விற்கிறதா பார்க்கலாம் என்று தொடங்குவதுதான் வழக்கம். அப்படித் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். எது ஓடும், எதில் எவ்வளவு லாபம் நிற்கும் என்பதை மொத்த வியாபாரியே விலாவாரியாகச் சொல்லிவிடுவார். அவர் சொல்லாமல் விடுவதெல்லாம் பெட்டியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது.

பெட்டியில் ‘3+’ என்று போட்டிருப்பது பிள்ளையின் சமர்த்தை அளக்கும் எண் இல்லை. “எங்கள் பேரன் இரண்டு வயதிலேயே எல்லாம் சொல்லுவானுங்க, இது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை” என்று பெரியவர்கள் பெட்டியை நீட்டுவார்கள். பேரன் கெட்டிக்காரனாகவே இருக்கட்டும். அவனுடைய மூச்சுக்குழல் இரண்டு வயதுக்குரிய அகலத்தில்தான் இருக்கும். கையில் கிடைத்ததை வாயில் போட்டுப் பார்ப்பது அந்த வயதின் குணம். கடைவாய்ப் பற்கள் முழுதாக வந்திருக்காது. சிக்கியதை இருமித் துப்பும் பலமும் போதாது. மூன்று வயது என்ற கோடு இதையெல்லாம் வைத்துப் போடப்பட்டது.

இன்னொன்றும் உண்டு. அந்த எண் பொம்மை யாருக்காக வாங்கப்படுகிறதோ அந்தப் பிள்ளைக்கு மட்டும் உரியதில்லை. ஏழு வயது அண்ணனுக்கு வாங்கிய பொம்மையின் சக்கரம் பத்து மாதத் தங்கையின் கைக்குத்தான் போய்ச் சேரும். ஆகவே வீட்டில் ஆகச் சின்னது எதுவோ, அதை வைத்துத்தான் எண்ணைப் பார்க்க வேண்டும். என் கடையில் புதிதாகச் சேர்கிற பையன்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது இதைத்தான்.

சட்டம், சுருக்கமாக

மத்திய அரசின் பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2020 பிப்ரவரியில் வெளியாகி, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கென்று செய்யப்பட்ட எதுவும் பொம்மை, அதில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் (பி.ஐ.எஸ்.) தரும் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். உள்நாட்டுச் சரக்கு, வெளிநாட்டுச் சரக்கு என்ற பேதம் கிடையாது. விற்றால்தானே குற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். முத்திரை இல்லாததை விற்பனைக்காக இருப்பு வைப்பதும், காட்சிக்கு வைப்பதும்கூட இந்தியத் தர நிர்ணய அமைவனச் சட்டம், 2016 தடுக்கும் காரியங்கள். அந்தச் சட்டத்தில் முதல் முறைக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அடுத்த முறைக்கு 5 லட்சத்துக்குக் குறையாத அபராதம் என்று எழுதியிருக்கிறது. சரக்கின் மதிப்பில் 10 மடங்கு வரைகூடப் போகலாம். பெரிய மால்களையும் விட்டுவைக்கவில்லை. நாடு முழுவதும் ஒரே மாதச் சோதனையில் 18,600 பொம்மைகள் பறிமுதல் செய்யப்பட்டதாக 2023 ஜனவரியில் அரசு அறிவித்தது.

விதிவிலக்கு இருக்கிறது. கைவினை மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர் தாமே செய்து விற்பதற்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருளை அதற்குரிய பதிவு பெற்றவர் செய்து விற்பதற்கும் ஐ.எஸ்.ஐ. வேண்டியதில்லை. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, சன்னபட்ணா மரப் பொம்மை எல்லாம் இந்த வகையில் வரக்கூடியவை. ஆனால் ‘கைவேலைப் பொருள்’ என்று வாயால் சொன்னால் போதாது. அவர்களுடைய பதிவு நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நவராத்திரி கொலு பொம்மை அலங்காரப் பொருள். அது வேறு கணக்கு.

சரக்கு எடுக்கும்போது

கோவை டவுன்ஹால் பக்கத்து மொத்தக் கடையோ சென்னை பாரிமுனையோ, எங்கே எடுத்தாலும் ஒவ்வொரு ரகத்திலும் ஒரு பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பிப் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு மேலே ஒரு எண் இருக்க வேண்டும். சாதாரணப் பொம்மைக்கு ஐ.எஸ். 9873, பேட்டரியிலோ மின்சாரத்திலோ ஓடுவதற்கு ஐ.எஸ். 15644. முத்திரைக்குக் கீழே ‘சி.எம்./எல்.’ என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். மேலே எண் இல்லாமலோ கீழே எண் இல்லாமலோ நடுவில் வெறும் முத்திரை மட்டும் இருந்தால், அது அச்சகத்தில் போட்ட படம். அந்தப் பெட்டியைக் கீழே வையுங்கள்.

எண் இருந்தால் அடுத்த வேலை. கைப்பேசியில் ‘பி.ஐ.எஸ். கேர்’ என்ற செயலி இலவசமாகக் கிடைக்கிறது. அதில் உரிம எண்ணைப் போட்டால் உரிமம் யார் பெயரில், எந்த முகவரியில், எந்தப் பொருளுக்கு, இப்போது செல்லுபடியாகிறதா என்று வரும். இதைக் கடையிலேயே நின்று பாருங்கள், கூச்சப்பட வேண்டாம். எண் நிஜமாக இருந்து, ஆள் வேறாக இருப்பதுதான் அடிக்கடி நடக்கும் தில்லுமுல்லு. சமையல் செட் ஒன்றில் இருந்த எண்ணைத் தட்டிப் பார்த்தேன். பெட்டியில் அச்சிட்டிருந்த பெயருக்கும் செயலியில் வந்த பெயருக்கும் ஓர் எழுத்துகூட ஒட்டவில்லை. மொத்தக் கடைக்காரர் அசரவே இல்லை. “எல்லாரும் இதைத்தான் எடுத்துக்கொண்டு போகிறார்கள், நீங்கள் ஒருத்தர்தான் எண்ணெல்லாம் பார்க்கிறீர்கள்” என்றார். சோதனைக்கு ஆள் வந்தால் அவர் வந்து நிற்கப் போவதில்லை.

‘சி.இ.’ என்ற இரண்டு எழுத்தைக் காட்டி “வெளிநாட்டுத் தரம்” என்பார்கள். அது ஐரோப்பியச் சந்தைக்கான குறி. நம் ஊரில் ஐ.எஸ்.ஐ.க்கு ஈடாகாது. ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணைக் காட்டினால், அது சார்ஜர் போன்ற மின்னணுச் சாமானுக்கான எண். பெட்டிக்குள் இருக்கும் சார்ஜருக்கு அது சரி. பொம்மைக் காருக்கு ஐ.எஸ்.ஐ. உரிம எண் தனியாக வேண்டும்.

ஐ.எஸ். 9873 ஒற்றைச் சோதனை இல்லை. அதன் முதல் பகுதி கூர்முனை, சிறு பாகம், கயிறு, காந்தம் போன்றவற்றைப் பார்க்கிறது. இரண்டாவது தீப்பிடிக்கும் தன்மை. மூன்றாவது சாயத்திலிருந்தும் பிளாஸ்டிக்கிலிருந்தும் வெளியேறும் எட்டுத் தனிமங்கள். இதில் ஈயம் கிலோவுக்கு 90 மில்லிகிராமுக்கு மேல் வரக்கூடாது. ஊஞ்சல், சறுக்குக்கு ஒரு பகுதி, விரலால் பூசும் வண்ணத்துக்கு ஒரு பகுதி, பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் தாலேட்டுகளுக்கு ஒரு பகுதி. சாயத்தில் ஈயம் இருப்பது கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது. கூர்முனை, சிறு பாகம், கயிறு போன்றவற்றை நாமே ஓரளவு தடவிப் பார்த்துவிடலாம். ஈயத்துக்கு முத்திரையை விட்டால் கதியில்லை. அதனால்தான் முத்திரையில் இவ்வளவு கறாராக இருக்கச் சொல்கிறேன்.

கடைசியாக, பொட்டலத்தில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை, புகார் சொல்லத் தொடர்பு எண் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். பில் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாத சரக்கு எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

வயது எண்ணை நம்பலாமா?

பெரும்பாலும் நம்பலாம். ஆனால் இரண்டு தந்திரங்களைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

சிவப்பு வட்டத்துக்குள் ஒரு குழந்தை முகம், பக்கத்தில் 0-3, குறுக்கே ஒரு கோடு. இந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். மூன்று வயதுக்குக் கீழே கொடுக்காதே என்று பொருள். கூடவே ஏன் என்பதும் இருக்க வேண்டும்: சிறு பாகங்கள், சிறு பந்து, நீளக் கயிறு என்று ஏதாவது ஒன்று. இந்தப் படத்தைச் சில பேர் முன்ஜாமீன் போலப் பயன்படுத்துகிறார்கள். கிலுகிலுப்பையிலும் மெத்தென்ற கரடி பொம்மையிலும்கூட இதை ஒட்டிவிடுகிறார்கள். கட்டிப்பிடித்துத் தூங்குவதற்கான பஞ்சு பொம்மையை எந்தத் தாய் மூன்று வயது வரை எடுத்து வைத்திருப்பாள்? அது இயல்பாகவே கைக்குழந்தையின் பொருள். தரச் சோதனையும் அதை அப்படித்தான் பார்க்கும். ஒட்டிய ஸ்டிக்கர் பொம்மையின் தன்மையை மாற்றிவிடாது.

இரண்டாவது தந்திரம் ‘14+’. ஆணை 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் பொம்மையைப் பற்றியது என்பதால், கார்ட்டூன் படம் போட்டு, இளஞ்சிவப்புப் பெட்டியில் அடைத்து, மூலையில் 14+ என்று அச்சிட்டுத் தப்பப் பார்ப்பார்கள். பலமான காந்த உருண்டைகள் இப்படித்தான் வருகின்றன. அதை விற்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

ஒரு குழாய்த் துண்டு

மூன்று வயதுக்குக் கீழானவர்களின் பொம்மையைச் சோதனைக்கூடத்தில் கீழே போடுவார்கள், முறுக்குவார்கள், இழுப்பார்கள், அழுத்துவார்கள். உடைந்து விழும் துண்டை ஓர் உருளைக்குள் போட்டுப் பார்ப்பார்கள். அந்த உருளையின் விட்டம் 31.7 மில்லிமீட்டர், அடிப்பக்கம் சரிவாக இருப்பதால் ஆழம் ஒரு பக்கம் 25.4, இன்னொரு பக்கம் 57.1 மில்லிமீட்டர். துண்டு எந்த வாக்கில் திருப்பினாலும் சரி, முழுதாக உள்ளே அடங்கிவிட்டால் அது தொண்டையை அடைக்கக்கூடிய சிறு பாகம். நம் பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர். அதைவிடக் கொஞ்சம் பெரியதும் அடங்கிவிடும் என்று மனக்கண்ணில் அளவு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த உருளையை விலைக்கு வாங்க வேண்டாம். நம் பக்கத்தில் தோட்டம் வைத்திருப்பவர் வீட்டில் சொட்டுநீருக்குப் போட்டது போக 40 மி.மீ. பி.வி.சி. குழாய் மிச்சம் கிடக்காமல் இருக்காது. அதில் ஆறு சென்டிமீட்டருக்கு ஒரு துண்டு அறுத்து, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் வையுங்கள். 40 என்பது வெளிவிட்டம். உள்விட்டம் அதைவிடச் சற்றுக் குறையும், ஆனால் 31.7ஐவிட அதிகம். அதாவது சோதனைக்கூடத்தைவிட நம் குழாய் ஒரு படி கறார். அதற்குள் மறைகிற எதுவும் சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போகக்கூடாது. முத்திரைக்கு இது மாற்று ஆகாது. நமக்குக் கண் பழகுவதற்கு உதவும். வாங்க வந்தவர் முன்னால் லாரி பொம்மையின் கழன்ற சக்கரத்தைக் குழாய்க்குள் போட்டுக் காட்டினால், அதற்குமேல் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்காது.

பந்துக்கு அளவு வேறு, 44.5 மில்லிமீட்டர். உருண்டையாக இருப்பது தொண்டையில் சரியாகப் பொருந்தி அடைத்துக்கொள்ளும் என்பதால் இந்தக் கூடுதல் எச்சரிக்கை. துள்ளும் ரப்பர் பந்து, கோலிக்குண்டு எல்லாம் இதைவிடச் சின்னவை. ஜாடியில் போட்டுக் கல்லாமேல் வைக்கும் பழக்கத்தை விடுங்கள்.

ரகம் ரகமாக

பஞ்சு பொம்மை: திருப்பூர் பனியன் வேஸ்ட்டை அடைத்து மலிவாக நிறைய வருகின்றன. தையல் ஓரத்தை இரு கட்டைவிரலாலும் விரித்துப் பாருங்கள். நூல் இடைவெளி விட்டு உள்ளே இருப்பது தெரிந்தால் ஒதுக்குங்கள். கண்ணும் மூக்கும் பொத்தானா, நூலால் தைத்ததா? பொத்தானானால் நகத்தைக் கொடுத்து நெம்பிப் பாருங்கள். நூலால் தைத்த கண்ணுள்ளவற்றை மட்டுமே நான் கைக்குழந்தைக்குக் கொடுக்கிறேன். விலை கொஞ்சம் கூடத்தான்.

பேட்டரி: கடிகாரத்தில் போடும் தட்டை பேட்டரி விழுங்கப்பட்டு உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே அங்கே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். அதனால் அந்த மூடி திருகாணி போட்டதாக இருக்க வேண்டும். நகத்தால் திறந்தால் தள்ளுபடி. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். 108ஐ அழைக்கலாம். வாங்குபவரிடம் இதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது.

காந்தம்: ஒன்றை விழுங்கினால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். இரண்டானால் குடலின் வெவ்வேறு மடிப்புகளில் நின்று ஒன்றையொன்று இழுத்து, இடையில் மாட்டிய குடல் சுவரை ஓட்டையாக்கிவிடும்.

தண்ணீரில் போட்டால் ஊதும் வண்ண மணிகள்: காய்ந்திருக்கும்போது ஜவ்வரிசி போல இருக்கும், வயிற்றுக்குள் போய்ப் பல மடங்கு பெருக்கும், எக்ஸ்ரேயிலும் பொதுவாகத் தெரியாது. நான் விற்பதில்லை.

தொட்டில் பொம்மை: சேலைத் தொட்டிலின் குறுக்கே கட்டும் கிலுகிலுப்பைச் சரம், குழந்தை கையும் முழங்காலும் ஊன்றி எழத் தொடங்கியதும் கழற்றப்பட வேண்டும். கயிறு கழுத்தில் மாட்டும். பெட்டியில் இது எழுதியிருக்கும். தொட்டில் கட்டுகிற பாட்டி அதைப் படிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது, நாம்தான் சொல்ல வேண்டும்.

காற்றடைக்கும் நீச்சல் வளையம் மே மாதத்தில் பறக்கும். அதில் உள்ள வரி: பிள்ளைக்குக் கால் எட்டும் ஆழத்தில், பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். கொடிவேரி அணைக்கும் வாய்க்காலுக்கும் தோட்டத்துக் கிணற்றுக்கும் அதை உயிர்காக்கும் மிதவையென்று நம்பி எடுத்துப் போகிறார்கள். அது வெறும் விளையாட்டுச் சாமான்.

கிருஷ்ண ஜெயந்தி வேடத் துணி, ஒட்டுத் தாடி, முகமூடி ஆகியவற்றில் விளக்குக்குப் பக்கத்தில் போகக்கூடாது என்பதை மட்டும் சொல்லுங்கள்.

ரேக்கும் கல்லாவும்

விலைவாரியாக அடுக்குவதை விட்டு வயதுவாரியாக அடுக்குங்கள். மூன்று வயதுக்குக் கீழானவை ஒரு ரேக், மற்றவை வேறு ரேக். மேலே ஏறியதும் கீழே இறங்கியதும் மாலைக்குள் கலந்துவிடும். கடை சாத்துமுன் ஒருமுறை பார்த்துச் சரிசெய்ய வேண்டியதுதான். சிறு பாகமுள்ளவை தவழும் பிள்ளையின் கைக்கு எட்டும் அடித்தட்டில் இருக்கக்கூடாது.

பொட்டல விதிகளின்படி விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும், தமிழ் கட்டாயமில்லை. அதனால் ஒவ்வொரு ரேக்கிலும் தமிழில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். என் கடையில் இருப்பது இப்படி: “மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் வீட்டுக்கு வேண்டாம். சின்னப் பாகங்கள் உண்டு, தொண்டையில் அடைக்கும்.” பலூனுக்கு: “எட்டு வயதுக்குக் கீழே என்றால் பெரியவரே ஊதிக் கொடுக்கவும். வெடித்த துண்டை உடனே எடுத்துவிடவும்.” பிளாஸ்டிக் உறையைப் பற்றியும் ஒரு வரி: “உறையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பொம்மையைக் கொடுக்கவும்.”

சீட்டு ஒட்டுவது தர்மத்துக்கு என்று நினைக்க வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் 86ஆம் பிரிவு விற்பவரைப் பற்றியே பேசுகிறது. தயாரித்தவர் கொடுத்த எச்சரிக்கையை வாங்கியவரிடம் சேர்க்காமல் விட்டு, அதனால் தீங்கு நேர்ந்தால் விற்றவர் பொறுப்பு. தயாரித்தவர் யாரென்றே தெரியாத சரக்கை விற்றிருந்தாலும் விற்றவரே பொறுப்பு. பெயரில்லாத பெட்டியை வாங்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம்.

கல்லாவில் கேட்க வேண்டியவை இரண்டே கேள்வி. “பிள்ளைக்கு எத்தனை வயதுங்க?” இதை எல்லாரும் கேட்பார்கள். “வீட்டில் இதைவிடச் சின்னது இருக்கிறதுங்களா?” இதைக் கேட்பவர் குறைவு. சீருக்கும் பிறந்தநாளுக்கும் வாங்க வருகிறவர்களிடம் இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இருக்காது. சொந்தக்காரர் வீட்டில் யார் யார் என்று யோசிப்பார்கள். அப்போது பெரிய துண்டாக இருக்கும் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுங்கள். விற்பனை போகுமோ என்ற பயம் வேண்டாம். வேண்டாம் என்று சொல்லி வேறொன்றை எடுத்துக் கொடுத்த கடையைத்தான் அம்மாக்கள் தேடி வருகிறார்கள்.

திருவிழாக் கடை போடுகிறவர்கள்

கோனியம்மன் தேர், அவிநாசித் தேர், பண்ணாரி குண்டம், ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் என்று வருடம் முழுதும் கடை போட இடமுண்டு. இங்கே வருவது பெட்டியில்லாத உதிரிச் சரக்கு: ஊதல், காற்றாடி, பிளாஸ்டிக் கத்தி, மூக்குக் கண்ணாடி. பெட்டி இல்லாததால் விதி இல்லை என்று ஒரு பேச்சு இருக்கிறது; தவறு. உதிரியாகக் கொண்டுபோனாலும், மொத்தமாக வந்த அட்டைப்பெட்டியின் முத்திரைப் பக்கத்தையும் பில்லையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். ஊதலின் உள்ளே இருக்கும் சிறு நாக்கு கழன்றால் மூச்சை இழுக்கும்போது நேராக உள்ளே போகும். விற்குமுன் ஊதலைக் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள், வாயில் வைத்து ஊதிக் காட்டாதீர்கள்.

பிசகு தெரிந்தால்

போலி முத்திரை கண்ணில் பட்டால் அதே ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் புகார் பதியலாம். கோவையில் அமைவனத்தின் கிளை அலுவலகமும் இருக்கிறது. வாங்கியவர் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது. இதை வாடிக்கையாளரிடம் மறைக்காதீர்கள்.

உங்கள் கையில் இருக்கும் ரகம் ஒன்றில் பாகம் கழல்கிறது என்று ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தால், அந்த ஒன்றை மாற்றிக் கொடுத்துவிட்டு மீதியைத் தொங்கவிட்டிருப்பது கூடாது. ரகம் முழுவதையும் அன்றே இறக்கி, மொத்தக் கடைக்குத் திருப்புங்கள். அவர் எடுக்க மறுத்தால் நஷ்டம் நம்முடையது. அந்தக் கழிவுச் சரக்கை அங்கன்வாடிக்கோ கோயில் வாசல் பிள்ளைகளுக்கோ சும்மா கொடுத்துப் புண்ணியம் தேடுகிறவர்கள் உண்டு. சின்னஞ்சிறு பிள்ளைகள் கூட்டமாக இருக்கும் இடமே அங்கன்வாடிதான். பேட்டரியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதியை உடைத்துக் குப்பைக்குப் போடுங்கள்.